தண்ணீருக்குப் பயப்படும் நாயைக் கடையில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்

எங்கள் சின்னு ஒரு பொமரேனியன், ஆறு வயது. அருவங்காட்டில் மழை தூற ஆரம்பித்தாலே ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் நடுங்கும். நானும் அம்மாவும் சேர்ந்துதான் எப்படியோ குளிப்பாட்டி வந்தோம். அம்மாவுக்குக் கைமுட்டு வலி வந்தபிறகு இரண்டு மாதம் தள்ளிப்போனது. காதுக்குப் பின்னாலும் வயிற்றிலும் முடி சடை பிடித்துவிட்டது. அதனால் போன ஜனவரியில் ஊட்டியில் ஒரு குரூமிங் கடைக்குக் கொண்டுபோனேன்.

அன்று காலை புல்லெல்லாம் உறைபனி. குளியல், முடி சீவுவது, நகம், காது எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்றார்கள். "சடையை மட்டும் எடுங்கள், முடியை வெட்ட வேண்டாம், தண்ணீருக்கு ரொம்பப் பயப்படுவான்" என்று இரண்டு முறை சொன்னேன். "நீங்க பக்கத்துல இருந்தா அடம் பிடிக்கும்க்கா, ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றார் அந்தப் பையன். சரி என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது சின்னு மேசைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் வாலைக்கூட அசைக்கவில்லை. தலையும் வாலும் தவிர உடம்பு முழுக்க ஒட்ட மழித்திருந்தார்கள். மூக்கின் மேல் வாய்க்கட்டு அழுத்திய சிவப்புக் கோடு. முன்னங்காலில் ஒரு நகத்தை ஆழமாக வெட்டிப் பஞ்சு சுற்றியிருந்தார்கள். நெஞ்சுக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரம்.

"சடை ரொம்ப இருந்துச்சு, அதான் மெஷின் போட்டோம். ஆட்டம் போட்டதால அமைதியா இருக்க ஒரு மருந்து கொடுத்தோம்." என்ன மருந்து, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பெயர் தெரியாதாம். பாட்டிலையும் காட்டவில்லை. அங்கே கால்நடை மருத்துவர் யாரும் இல்லை. பில்லில் அந்த மருந்து பற்றி ஒரு எழுத்தும் இல்லை. சண்டை போட நேரமில்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு அவனை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

உடம்புச் சூடு 97 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்தால் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது, குளிரைத் தடுக்கும் முடியையும் எடுத்துவிட்டார்கள், ஈரத்தையும் துடைக்கவில்லை, இந்த மலைக்குளிரில் வேறு என்ன ஆகும் என்றார் டாக்டர். மருந்தின் பெயர் தெரியாததுதான் அவருக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்களைப் பக்கத்தில் வைத்து, கம்பளியில் பொதிந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

நான்காம் நாள் தலையை உதறிக்கொண்டே இருந்தான். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கமாக வளைகிறது. உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. பத்து நாள் சொட்டு மருந்து.

முடி விஷயம்தான் இன்னும் தீரவில்லை. பொமரேனியனுக்கு மேலே நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி அடர்ந்த முடி என்று இரண்டு அடுக்கு உண்டு. ஒட்ட மழித்தால் திரும்ப வளரப் பல மாதங்கள் ஆகலாம், சில நாய்களுக்குச் சில இடங்களில் வளராமலே போய்விடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எட்டு மாதம் ஆகிவிட்டது, இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் வெறும் தோல்தான். கடைக்கு போன் செய்தால் "உங்க நாய்தான் கடிக்க வந்துச்சு" என்றார்கள். அடுத்த குளியல் இலவசமாம்.

குன்னூர், கேத்தி, வெலிங்டன் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். கூடவே இருக்க அனுமதிக்காத இடத்தில் விடாதீர்கள். மயக்க மருந்து தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். அதைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்துத்தான் தர வேண்டும். அடிமுடிவரை எப்படிக் காயவைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இங்கே அது குளிப்பாட்டுவதைவிட முக்கியம்.

இப்போது வீட்டில்தான் குளியல், வெயில் நன்றாக அடிக்கும் மதியத்தில் மட்டும். முதலில் சடையைப் பிரித்துவிடுவோம், நனைந்தால் அது இன்னும் இறுகும். வழுக்காமல் இருக்கக் காலடியில் பழைய சாக்கு. தலைமேல் தண்ணீர் ஊற்றுவதே இல்லை, முகத்துக்கு ஈரத்துணி. வெதுவெதுப்பான நீரைக் காலிலிருந்து மெதுவாக மேலே கொண்டுவருவோம். நாய்க்கான ஷாம்பு மட்டும்தான், நம்முடையது அதன் தோலுக்கு ஒத்துவராது. ஒரே நாளில் முடியாவிட்டால் பாதியோடு விட்டுவிடுவோம்.

இப்படி யாருக்காவது நடந்திருந்தால் பில், டாக்டர் சீட்டு, அன்றைக்கே எடுத்த போட்டோ மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கெடுதல் செய்யும் மருந்தை விலங்குக்குக் காரணமின்றி வேண்டுமென்றே கொடுப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போகிறேன்.