50 கேம் 48 டாலருக்கு என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்

கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் என் லைப்ரரியை நேற்று இரவு திறந்தேன். இரண்டு கேம்களை என் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக ஒரு அறிவிப்பு. 48 டாலர் கொடுத்து வாங்கிய தொகுப்பில் நான் உண்மையில் ஆசைப்பட்டது மூன்றே மூன்று. போனது அந்த மூன்றில் இரண்டு. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். இதே வலையில் இன்னொருவர் விழக்கூடாது.

வாங்கிய இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கேம் கீ (ஸ்டீமில் போட்டால் கேம் நம் கணக்கில் சேரும் குறியீடு) மட்டும் விற்கும் இடைத்தரகுத் தளம், யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்கிற வகை. "50 கேம்கள், மதிப்பு 612 டாலர், இன்று மட்டும் 48 டாலர்" என்று போட்டு, பக்கத்திலேயே ஒரு கடிகாரம் நேரம் குறைந்துகொண்டே வருவதைக் காட்டியது. மேலே மூன்று கேம்களின் படம் பெரிதாக இருந்தது. மூன்றுமே விலை குறையட்டும் என்று ஒரு வருடமாக நான் விஷ்லிஸ்டில் வைத்திருந்தவை. கீழே "மேலும் 47" என்று ஒரு வரி மட்டும்.

பண்டில், அதாவது கேம் தொகுப்பு, என்றாலே எனக்கு ஒரு நல்ல எண்ணம் இருந்தது. 2010-ல் முதல் ஹம்பிள் இண்டி பண்டில் வந்தபோது விரும்பிய விலையைக் கொடுத்து 'வேர்ல்ட் ஆஃப் கூ', 'அக்வாரியா', 'கிஷ்' எல்லாம் வாங்கியவன் நான். தொடங்கியபோது ஐந்தே ஐந்து கேம், என்னென்ன என்று முதலிலேயே தெரியும், பணத்தில் ஒரு பங்கு தொண்டு நிறுவனங்களுக்குப் போகும். அந்த நம்பிக்கையைத்தான் இந்த ஆட்கள் காசாக்கிக்கொண்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் இல்லை. விற்பனையாளரிடம் சாட்டில் கேட்டேன். எல்லாம் முழு கேம்தானா? எந்த நாட்டிலும் ஆக்டிவேட் ஆகுமா? கீ வேலை செய்யாவிட்டால் பணம் திரும்ப வருமா? ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "ஆமாம் நண்பரே, மூன்றுக்கும் ஆமாம்." முழுப் பட்டியலைக் கேட்டேன். "இருப்பைப் பொறுத்து மாறும், ஆனால் எல்லாம் அதே தரம், என்னை நம்புங்கள்" என்றார். அந்த இடத்தில் நான் வெளியே வந்திருக்க வேண்டும். அவ்வளவு கனிவாகப் பேசினார், நம்பிவிட்டேன். 48 டாலர் போனது.

கீகள் வந்தன, எண்ணிக்கை சரியாக 50. ஒவ்வொன்றாகப் போடப் போட மனசு விட்டுப்போனது. 9 கீகள் கேமே இல்லை. டிஎல்சி (ஒரு கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் பகுதி), இசைத் தொகுப்பு இப்படி. மூல கேம் இல்லாமல் அந்த டிஎல்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 11 என்னிடம் ஏற்கெனவே இருந்தவை. 4 கீகளை யாரோ முன்பே பயன்படுத்திவிட்டார்கள். 2 என் நாட்டில் ஆக்டிவேட் ஆகாது. ஒன்று முழுக்க முழுக்க ஆன்லைனில் ஆடும் பழைய கேம்; அது நம்பியிருந்த கேம்ஸ்பை சேவையை 2014 மே மாதமே மூடியாகிவிட்டது. இன்னொரு 14, பெயரே கேள்விப்படாத கேம்கள்.

அந்த 14-ஐப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும், 612 டாலர் என்கிற பொய் அங்கேதான் பிறக்கிறது. 2017-ல் ஸ்டீம் டைரக்ட் வந்த பிறகு 100 டாலர் கட்டணம் கட்டினால் கிட்டத்தட்ட யாரும் ஸ்டீமில் கேம் போடலாம். விலையை அவர்களே வைத்துக்கொள்ளலாம். வெளியே விற்க கீ வேண்டுமென்றால் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அதற்குப் பணம் வாங்குவதில்லை. ஆக, இரண்டு நாளில் ஒட்டிய ஒரு கேமுக்கு 15 டாலர் என்று விலை எழுதி, மூட்டை மூட்டையாகக் கீ கொடுத்துவிடலாம். அந்த 15 டாலரை யாருமே கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் தொகுப்பின் "மதிப்பு" கூட்டும்போது அது அப்படியே சேர்ந்துகொள்கிறது. நான் தேடிப் பார்த்தேன், அந்த 14-ம் தள்ளுபடியில் ஒரு டாலருக்கும் கீழே விற்றவை.

மிச்சம் 9 கேம். நான் கேட்ட மூன்றும் அதில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம்தான் நேற்று அந்த அறிவிப்பு. வாங்கி 19-வது நாள்.

இந்த 19 நாளும் இவர்கள் அலைக்கழித்ததை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. வேலை செய்யாத 4 கீகளுக்கு முதலில் ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, கீ போடுவதை வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்து அனுப்பினேன். "சில கீகளை ஆக்டிவேட் செய்துவிட்டதால் தொகுப்பு முழுவதும் பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும்" என்று பதில். ஆக்டிவேட் செய்து பார்க்காமல் கீ செல்லுமா என்று எப்படித் தெரியும்? கேட்டதற்கு, அடுத்த முறை வாங்கும்போது 2 டாலர் கழிவு தருகிறேன் என்றார்கள். நேற்று கேம்கள் போனதும் தளத்தைக் கேட்டேன், விற்பனையாளரைக் கேள் என்றது. அவர், 14 நாள் உத்தரவாதம் முடிந்தது என்றார். இந்த முறை "நண்பரே" இல்லை. அரை மணி நேரத்தில் டிக்கெட்டில் "தீர்க்கப்பட்டது" என்று போட்டு மூடிவிட்டார்கள்.

ஸ்டீமில் பணம் கேட்கவும் வழியில்லை. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தரும் அந்த விதி, அவர்கள் கடையில் வாங்கியதற்குத்தான். வெளியே வாங்கிய கீக்கு இல்லை. கேம் நிறுவனத்துக்கு எழுதினேன். திருட்டு கார்டில் வாங்கிய கீ, வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அதனால் ரத்து செய்தோம் என்று இன்று காலை பதில் வந்தது. யாரோ ஒருவருடைய கார்டைத் திருடியவனுக்கு நான் 48 டாலர் கொடுத்திருக்கிறேன்.

தொகுப்பின் மதிப்பை எப்படிப் பார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: முழுப் பட்டியல் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். இஸ்தெர்எனிடீல் (IsThereAnyDeal) என்கிற விலை ஒப்பீட்டுத் தளத்தில் ஒவ்வொரு கேமும் இதுவரை விற்ற குறைந்தபட்ச விலையைப் பாருங்கள், நிச்சயம் ஆடுவேன் என்கிற கேமுக்கு மட்டும் அதைக் கூட்டுங்கள், கையில் இருப்பதற்குப் பூஜ்யம். கடந்த தள்ளுபடியில் நான் ஆசைப்பட்ட மூன்றும் சேர்த்தே 31 டாலர்தான், இதை வாங்கிய பிறகுதான் பார்த்தேன். கேம் நிறுவனமே கீ கொடுக்கும் கடையா என்று பாருங்கள். ஸ்டீமிலேயே உள்ள பண்டில் என்றால் உங்களிடம் இருக்கும் கேமின் விலையைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். விற்பனையாளரோடு பேசிய சாட் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

48 டாலரைக் கேட்டு வங்கியில் முறையீடு கொடுத்துவிட்டேன். அந்த "மூன்றுக்கும் ஆமாம்" பதிலையும் இணைத்திருக்கிறேன்.