"பதினஞ்சரை மணி நேரம்தான் சார்": சென்னை – சான் பிரான்சிஸ்கோ டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க

வயதான பெற்றோரை அமெரிக்காவுக்கு அனுப்ப ஏஜென்டிடம் டிக்கெட் போடப் போகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அம்மாவோடு கிளம்பிய அப்பாவிடம் எங்கள் ஏஜென்ட் மொபைலைத் திறந்து காட்டியிருக்கிறார். சுமார் 13,900 கிலோமீட்டர், பதினைந்தரை மணி நேரம். "ஏறின அன்னைக்கே இறங்கிடலாம் சார். பெட்டியும் நேரா அங்கேயே வந்துடும்."

இரண்டு ஊருக்கும் நடுவில் பூமி உருண்டையின் மேல் நேராக ஒரு கோடு போட்டு, அதை 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் வருகிற கணக்கு அது. சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானமே கிடையாது. டெல்லியிலிருந்து நேராகப் பறந்தாலே பதினாறு மணி நேரத்தை ஒட்டி ஆகும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து சுற்றிப் போகிற விமானங்களும் நிறைய. 'அன்னைக்கே' என்பதும் காலண்டர் ஜாலம்தான். கோடையில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

நேரம் கூடுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய வில்லங்கம் டிக்கெட்டில் இருந்தது. சென்னை கவுன்ட்டரில் பெட்டியில் ஒட்டிய சீட்டில் 'டெல்லி' என்று மட்டும் இருந்ததை அம்மாதான் பார்த்தார். கேட்டால், அமெரிக்கா போகிற டிக்கெட் வேறு நிறுவனம், வேறு பி.என்.ஆர். (டிக்கெட் பதிவு எண்), பெட்டியை டெல்லியில் எடுத்து மறுபடி போட வேண்டும் என்றார்கள். முதல் விமானம் தாமதம். இறங்கியது டெர்மினல் 1, ஏற வேண்டியது டெர்மினல் 3. பக்கத்துக் கட்டடம் இல்லை. ஓடுபாதைகளுக்கு அந்தப் பக்கம், வெளியே வந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். அம்மாவுக்குக் கேட்டிருந்த சக்கர நாற்காலியும் முதல் டிக்கெட்டில் மட்டும்தான் பதிவாகியிருந்தது. முட்டி வலியோடு, நாலு பெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர் மூடியாகிவிட்டது.

ஒரே பி.என்.ஆர். என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டுக்கு அது கிடையாது. 'வரவில்லை' என்று குறித்துவிட்டார்கள். புது டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்கினோம். ஏஜென்ட் சொன்ன பதில்: "நான் பறக்கிற நேரத்தைத்தானே சார் சொன்னேன்?" என்ன சாமர்த்தியம்!

பணம் கொடுக்கும் முன் பி.என்.ஆர். ஒன்றா இரண்டா என்று கேளுங்கள். வாசலிலிருந்து வாசல்வரை மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். பெட்டி கடைசிவரை போகும் என்றாலும், அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியிருந்தால், அங்கே முதலில் இறங்குகிற ஊரில் பெரும்பாலும் அதை எடுத்துச் சுங்கம் தாண்டித்தான் மறுபடி போட வேண்டும். அதையும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பறக்காத டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் போனாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். "அதெல்லாம் வராது" என்கிறார் ஏஜென்ட். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.