பழைய இதழா, நாவலா?

ஞாயிறு மாலை போனை வீட்டில் வைத்துவிட்டுக் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போவேன். கையில் ஒயிட் டுவார்ஃப் என்ற பொம்மைப் போர் விளையாட்டு இதழின் பழைய பிரதியோ, அப்படியொரு விளையாட்டான வார்ஹாமரின் கற்பனை உலகில் நடக்கும் நாவலோ இருக்கும்.

1977-இல் தொடங்கிய அந்த இதழின் எண்பது, தொண்ணூறுகளின் பிரதிகள் என்றால் எனக்கு உயிர். வண்ணம் தீட்டிய ஓர்க் என்ற அரக்கர் பொம்மைப் படை, போர்க்கள வரைபடம், சுற்றுக்குச் சுற்று மோதல் விவரம் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அரைமணி நேரம் போய்விடும். ஆனால் வீடு திரும்பியதும், அந்தப் பொம்மை இப்போது என்ன விலை என்று பார்க்கக் கை நேராகப் போனுக்குத்தான் போகும்.

நாவலில் அந்தத் தொல்லை இல்லை. வீரச்சாவு தேடி அலையும் குள்ளன் கோட்ரெக், அதைக் காவியமாகப் பாட வாக்குக் கொடுத்த கவிஞன் ஃபீலிக்ஸ். இருவரும் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டால் தாமிரபரணியில் குளிக்கிறவர்கள் சத்தம்கூடக் காதில் விழாது. நடுவில் விட்டால் அடுத்த வாரம் கதையைப் பிடிப்பது கஷ்டம், சரி. இருந்தாலும் நான் நாவலைத்தான் எடுப்பேன்.