கொதிப்பு உள்ளவருக்குப் பதற்ற மாத்திரை: நான்கில் எது?

"மக்களே, அந்த நரம்பு குளிகையில ஒரு பத்தெண்ணம் தா" என்று காலி அட்டையை நீட்டுபவர்களை, மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடை நடத்தும் நான் நாள்தோறும் பார்க்கிறேன். அந்த அட்டை அல்பிரசோலமாகவோ புரோப்ரனலோலாகவோ எஸ்சிடலோபிராமாகவோ வென்லாஃபாக்சினாகவோ இருக்கலாம். ஊர்வழக்கில் எல்லாமே நரம்பு குளிகைதான். ஆனால் இரத்த அழுத்தத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடத்துவதால், ஏற்கெனவே இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் போன்ற ஒன்றை விழுங்கிக்கொண்டிருப்பவர் இவற்றின் வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

அல்பிரசோலம், குளோனசெபாம் வகையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் ஆளை ஏமாற்றுவதில் இதற்கு இணை இல்லை. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பு அடங்கும். பதற்றத்தால் ஏறியிருந்த அழுத்தமும் சற்று இறங்கும். நோயாளிக்கு அது கொதிப்பே சரியாகிவிட்டதுபோல் தோன்றும். சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டு உடல் பழகிய பிறகு, ஊருக்குப் போன இடத்தில் அட்டை தீர்ந்து திடீரென்று நின்றுபோனால், அடக்கி வைத்ததெல்லாம் திரும்பிப் பாய்கிறது: நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், தூக்கம் போகும், அழுத்தம் ஏறும், சிலருக்கு வலிப்பே வரும். அல்பிரசோலம் உடலிலிருந்து விரைவாக வெளியேறுவதால் இந்தத் தொல்லையும் விரைவாகவே தொடங்கும். அந்த நேரத்தில் அளந்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக் கொதிப்பு மாத்திரையைக் கூட்டினால், உண்மைக் காரணம் மறைந்தே இருக்கும். 2014 முதல் அல்பிரசோலம் எச்1 அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில், இருக்கிறது. சீட்டு இல்லாமல் நான் தர மறுப்பதைக் கோபமாக எடுத்துக்கொள்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இதற்கு நேர் போட்டியாக நிற்பது புரோப்ரனலோல். ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய இந்த மருந்து, இதயத்தின் மேல் அட்ரினலின் செய்யும் வேலையைத் தடுத்து, துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கிறது. பதற்றத்துக்கும் கொதிப்புக்கும் ஒரே மாத்திரை போதுமே என்ற ஆசை எழுவது இயல்புதான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கை நடுக்கமும் படபடப்பும் அடங்குமே தவிர, மனத்துக்குள் ஓடும் கவலை அப்படியே இருக்கும். மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்கு இது ஆகவே ஆகாது. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கும்போது எச்சரிக்கையாக வரும் படபடப்பை இது மறைத்துவிடும். இதையும் சட்டென நிறுத்தக் கூடாது.

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் இரண்டும் அழுத்தத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், முதல் நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் செய்யலாம், அதனாலேயே பாதியில் விடுபவர்கள் பலர். ஆனாலும் கொதிப்பு உள்ள ஒருவருக்கு நீண்டகாலத் துணையாக எதை முதலில் யோசிக்கலாம் என்று கேட்டால் நான் இந்தப் பக்கமே சாய்வேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நீர் பிரியச் செய்யும் குளோர்தாலிடோன் வகைக் கொதிப்பு மாத்திரையோடு இதைச் சேர்த்துச் சாப்பிடும் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கி, தளர்ச்சியும் குழப்பமும் வரக்கூடும்.

வென்லாஃபாக்சின் எதிர்த்திசையில் போவது. அளவு கூடக்கூட அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது என்பதால், தொடங்கும் முன்பும் அளவைக் கூட்டும்போதும் அழுத்தம் பார்ப்பது கட்டாயம்.

பழைய மருந்தான அமிட்ரிப்டிலினை இந்த நால்வரில் சேர்க்கவில்லை. ஆனாலும் குளோர்டயசெபாக்சைடோடு சேர்ந்த மாத்திரையாக அது இன்னும் சீட்டுகளில் வருகிறது. அதைச் சாப்பிட்டுவந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், விடியுமுன் மரத்தடியில் குனிந்து நிமிரும்போதெல்லாம் கண் இருட்டுகிறது என்றார். உட்கார வைத்து அளந்தபோது 128/80. எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் கழித்து அளந்தபோது 104/68. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கொதிப்புக்கு அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் கீழே சேர்த்து, அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினேன். உட்கார்ந்த நிலையில் மட்டும் அளந்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நானும் சொல்லியிருப்பேன்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது; பதற்ற மாத்திரையோ பெரும்பாலும் வேறொரு மருத்துவரின் சீட்டில், என்னைப் போன்றவர்களின் கடையிலிருந்து போகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்த அட்டையையும் எடுத்துக் காட்டுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள்: எஸ்சிடலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் கடைகளில் சாதாரணம். அது தீர்ந்துபோய் நான்கு நாள் விட்டால், மெதுவாகக் குறைத்து நிறுத்தவேண்டிய இரண்டு மருந்துகள் ஒரே நாளில் நின்றுபோகின்றன.