தலையணைக்கடியில் இருந்த மாத்திரை அட்டை

டிசம்பர் விடுமுறைக்கு டொராண்டோவிலிருந்து பெங்களூர் போயிருந்தேன். அல்சூரில் அம்மா தனியாக இருக்கிறார். மூன்று வாரப் பயணத்தில் பாதி நாள் ஒரு மாத்திரையின் பின்னாலேயே போயிற்று. ஊரில் வயதான அம்மா அப்பா இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன மூன்றாம் நாள் படுக்கையை உதறும்போது தலையணைக்கடியில் அல்பிரசோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரை, 0.5 மில்லிகிராம் அட்டை, நான்கு மிச்சம். அப்பா இறந்தபோது தூக்கம் வரவில்லை என்று பக்கத்து டாக்டர் 10 நாளைக்கு எழுதிக் கொடுத்தது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. சீட்டைக் கேட்டேன். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, எழுத்தெல்லாம் மங்கிய ஒரு தாளைப் புடவைக்கடியிலிருந்து எடுத்தார். "இதைக்கூட இப்ப கேக்கறதில்ல கண்ணா. என்னைப் பார்த்ததுமே எடுத்துக் கொடுத்துடுவாங்க."

நம்ப முடியாமல் அந்த மருந்துக்கடைக்குப் போனேன். "அம்மாவுக்குத்தானே? எத்தனை அட்டைண்ணா?" அவ்வளவுதான் கேள்வி. 2014 மார்ச் முதல் இந்த மருந்து, கடுமையான விற்பனைக் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் அரசுப் பட்டியலான அட்டவணை எச்1-ல் இருக்கிறது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இங்கே மாத்திரை டிராயரிலிருந்து காகிதக் கவருக்குள் போனதோடு சரி. எனக்கு வயிறு எரிந்தது. வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரையால் தடுமாற்றமும் மறதியும் வரலாம், விழுந்து எலும்பு முறியலாம். போன வருஷம் அம்மா குளியலறையில் விழுந்தபோது நாங்கள் எல்லோரும் டைல்ஸைத்தான் திட்டினோம்.

அப்புறம் நான் செய்தது பெரிய தப்பு. அட்டையைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டேன். இரண்டாம் ராத்திரி அம்மாவின் கை நடுங்கி, பால் டம்ளர் தட்டோடு சேர்ந்து சலசலத்தது. மார்கழிக் குளிரில் ரவிக்கை நனைகிற அளவுக்கு வேர்வை. "நெஞ்சு அடிச்சுக்குதுடா" என்றார்.

ராத்திரி இரண்டு மணிக்கு 14416-ஐக் கூப்பிட்டேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை வருஷமா சாப்பிடறாங்க?" அடுத்தது: "எப்ப நிறுத்தினீங்க?" உடனே ஒரு டாக்டரிடம் இணைத்தார். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், வழக்கமான மாத்திரையை இப்போதே கொடுங்கள், காலையில் நேரில் காட்டுங்கள் என்றார் அவர். ஒளித்து வைத்த அட்டையை நானே எடுத்து வந்து கொடுத்தேன்.

காலையில் ஆட்டோ பிடித்து ஓசூர் ரோட்டில் இருக்கிற அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ். கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தோம். ஆனால் உள்ளே போன பிறகு அந்த இளம் டாக்டர் அவசரப்படவே இல்லை. அல்பிரசோலம் உடம்பைவிட்டுச் சீக்கிரம் இறங்கிவிடுவதால்தான் உடம்பு மறுபடி கேட்கிறது என்றார். மெதுவாக இறங்குகிற டயசெபாமுக்கு மாற்றி, சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பல மாதம் ஆகும். "உடம்பு பழகிப்போச்சும்மா, உங்க மேல தப்பில்ல" என்றதும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டே விழுங்கியிருக்கிறார்.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அங்கே ராத்திரி ஒன்பதரை, இங்கே காலை பதினொன்று, அப்போது வீடியோவில் வருவார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு விழுங்கி, தினசரித் தாளில் அளவைக் குறித்துக்கொள்வார். நேற்று மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிட்டதாம். படுத்துப் புரளாமல் எழுந்து, காலைச் சாம்பாருக்கு வெங்காயம் உரித்து வைத்தாராம்.