வெள்ளவத்தை வீட்டு மேல்மாடிக்கு பாவிச்ச பிளெண்டட் சீமெந்து, என்ர ரிவியூ

வீடு கட்டுற ஆக்கள் டைல்சுக்கும் பாத்ரூம் சாமானுக்கும் கடைகடையா ஏறி இறங்குவினம், சீமெந்தை மட்டும் கடைக்காரர் எதை ஏத்தி அனுப்புறாரோ அதை அப்பிடியே இறக்கிப் போட்டு வேலையைத் தொடங்கிடுவினம். நாங்கள் மேல்மாடி சிலாப், தூண், பூச்சு எல்லாத்துக்கும் பாவிச்சது எஸ்எல்எஸ் (இலங்கைத் தர நிர்ணயம்) 1247 அடிச்ச பிளெண்டட், அதாவது சாம்பல் கலந்த சீமெந்து, வழமையான ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து) எண்டா பையில எஸ்எல்எஸ் 107 எண்டு இருக்கும். இப்ப ஒரு மழைக்காலம் தாண்டியாச்சு, சிலாப்பில ஒழுக்கு இல்லை, வெடிப்பு இல்லை, எனக்கு முழுத் திருப்தி.

இதை எடுக்கோணும் எண்டு நிண்டதுக்கு முதல் காரணம் காபன்தான். உலகத்தில மனிசர் விடுற காபனீரொக்சைட்டில 7, 8 வீதம் சீமெந்தால மட்டும் வருது. கனபேர் அது சூளைக்கு எரிக்கிற நிலக்கரியாலதான் எண்டு நினைக்கினம், அது பாதிக்கும் குறைவு. மிச்சம் கல்லுக்குள்ளயே இருக்கு. சுண்ணாம்புக்கல்லு 900 பாகை அளவில சூடேறேக்க தனக்குள்ள இருக்கிற காபனீரொக்சைட்டை விட்டிடும், பிறகு 1450 பாகை வரைக்கும் கொண்டுபோய்த்தான் கிளிங்கர், அதாவது அரைச்சு சீமெந்தாக்கிற கட்டி எடுக்கிறது, அப்ப சூளைக்கு விறகு போட்டாலும் சரி சூரிய சக்தி போட்டாலும் சரி கல்லில இருந்து வாறது வந்துகொண்டுதான் இருக்கும். 50 கிலோ ஓபிசி பை ஒண்டை எடுத்தா அதுக்காக சராசரியா 40 கிலோ அளவு காபனீரொக்சைட் ஏற்கனவே வெளியில போயிட்டுது, அதில 25 கிலோ மட்டில கல்லில இருந்தே. ஒரு மாடிக்கு எத்தனை பை போகுது எண்டு கூட்டிப் பாருங்கோ.

அதால உண்மையான வழி கிளிங்கரைக் குறைக்கிறது. பிளெண்டட் சீமெந்தில அதுதான் நடக்குது, கிளிங்கரில ஒரு பங்கை எடுத்துப்போட்டு நிலக்கரி சாம்பலை, ஃப்ளை ஆஷ் எண்டு சொல்றதை சேர்க்கினம். கால்வாசி சாம்பல் எண்டா பைக்கு 10 கிலோ மட்டில காபனீரொக்சைட் குறையும். எங்கட நாட்டில நுரைச்சோலை 900 மெகாவாட் நிலக்கரி மின்னாலையில இருந்து இந்த சாம்பல் வருது. நிலக்கரி நல்லது எண்டு நான் சொல்லவரேல்ல, அந்தப் பக்கத்து சனம் தூசியோட படுற பாடு பெரிய பாடு, ஆனா எரிச்சு முடிஞ்ச சாம்பல் குவிஞ்சு காத்தில பறக்கிறதை விட கொங்கிரீட்டுக்குள்ள கிடக்கிறது எவ்வளவோ மேல்.

ரெண்டாவது காரணம் கடல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், உப்புக்காத்து கொங்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பி துருப்பிடிச்சு வீங்கி கீழ்ப்பக்கம் சிலாப் உரிஞ்சு விழும். சீமெந்து தண்ணியோட சேரேக்க வாற கல்சியம் ஐதரொக்சைட்டை ஃப்ளை ஆஷ் மெல்லமெல்லமா பிடிச்சு இன்னும் பசையாக்கி சின்னச்சின்ன துவாரத்தை எல்லாம் அடைக்கும், உப்பு உள்ள போறது கஷ்டம். சூடும் குறைய வெளிவரும், அதால தடிப்பான இடங்களில வெடிப்பும் குறையும். அப்ப கடற்கரைப் பக்க வீட்டுக்கு இதைத்தான் முதல் தெரிவா சொல்லுவன், காபனை ஒருபக்கம் விட்டாலும்.

குறை ஒண்டு இருக்கு, அது பெரிய குறைதான்: இறுக நேரம் எடுக்கும். 28 நாளில பெலம் குறையாது, அதுக்குப் பிறகும் 90 நாள் மட்டில ஏறிக்கொண்டு போகும், ஆனா முதல் கிழமை ஓபிசி போல வராது. எங்கட மேசன் அண்ணை மட்டக்களப்பு ஆள், முதல்லயே சொல்லிப்போட்டார், "தம்பி, பலகையை கழட்டுங்க கழட்டுங்க எண்டு என்னை நெருக்கப்படாது, தண்ணி விடுறதையும் நிப்பாட்டப்படாது." அவர் சொன்னது முழுக்கச் சரி. ஓபிசிக்கு 7 நாள் நனைச்சா இதுக்கு குறைஞ்சது 10 நாள், வெயில் காலம் எண்டா 14. சாக்கு போட்டு காலையும் பின்னேரமும் தண்ணி விட ஆள் இல்லாட்டி இந்த சீமெந்து வாங்கவேண்டாம், வாங்கி பாதியில காயவிட்டா மேற்பரப்பு மாவு மாதிரி வரும்.

கடை விசயமும் சொல்லோணும். காலி வீதியில ஒரு ஹார்ட்வெயாரில நான் 1247 கேக்க, "எல்லாம் ஒண்டுதான்" எண்டு சொல்லி ஓபிசியை ஏத்தி அனுப்பிட்டினம். லொறி வாசல்ல நிக்கேக்கயே திருப்பி அனுப்பினனாங்கள். எல்லாம் ஒண்டில்லை. இறக்க முதல் பையில இருக்கிற எஸ்எல்எஸ் நம்பரையும் திகதியையும் பாருங்கோ.

சீமெந்துக் கம்பனிகளிட்ட எனக்கு ஒரு கோரிக்கை. எத்தனை வீதம் கிளிங்கர், எத்தனை வீதம் சாம்பல் எண்டு பையில பெரிசா அடியுங்கோ, நான் வாங்கின பையில அது இல்லை. காங்கேசன்துறை ஆலை 1990ல நிண்டபிறகு கல்லைச் சுட்டு கிளிங்கர் எடுக்கிற சூளை புத்தளத்தில மட்டும்தான், மற்றதில கனக்க வெளிநாட்டு கிளிங்கரைக் கொண்டுவந்து இங்க அரைக்கிறது, அந்தப் புகை எங்கட நாட்டுக் கணக்கிலயே வராது. வாங்குற எங்களுக்காவது தெரியவேணும்.

ஃப்ளை ஆஷும் எப்பவும் கிடைக்காது, நிலக்கரி குறையக் குறைய சாம்பலும் குறையும். எல்சி3 எண்டு ஒரு சீமெந்து இருக்கு, சுவிட்சர்லாந்து, கியூபா, இந்திய ஆராய்ச்சிக்காரர் சேர்ந்து செய்தது, பாதி மட்டும் கிளிங்கர், 30 வீதம் சுட்ட களி, 15 வீதம் சுடாத சுண்ணாம்புக்கல், மிச்சம் ஜிப்சம். களியை 800 பாகை மட்டில சுட்டாப் போதும், ஓபிசியை விட காபன் 40 வீதம் மட்டில குறையும். அதுக்கு கயோலின் களி வேணும், எங்களுக்குப் பக்கத்தில பொரலஸ்கமுவையிலயே கயோலின் இருக்கு, பீங்கான் செய்ய எடுக்கிற அளவுக்கு சுத்தமான களி எல்சி3க்கு தேவையும் இல்லை. அந்தப் பை கொழும்புக் கடையில வந்தா அடுத்த மதில் வேலைக்கு நான் அதைத்தான் எடுப்பன்.