சட்டம் படிப்பவர்களுக்கான எட்டு வார யோகா வகுப்பு: வவுனியாவிலிருந்து ஒரு மதிப்பீடு

குருமன்காட்டில் ஒரு கடையின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சட்ட மாணவர்களுக்கென்றே நடத்தப்படும் யோகா, தியான வகுப்பில் எட்டு வாரங்களையும் முடித்துவிட்டேன். பரீட்சை நெருங்கும்போது நித்திரை வராமல் தவித்ததே நான் சேர்ந்ததற்குக் காரணம். ‘நினைவாற்றல் இரட்டிப்பாகும்’ என்ற துண்டுப்பிரசுர வாசகத்தை நான் நம்பவில்லை, நம்பாததும் நல்லதாயிற்று. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் பிரிவுகள் பாயில் கண்மூடி இருப்பதால் மனத்தில் ஏறிவிடுவதில்லை.

ஆசனங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கதிரையில் குனிந்திருந்து வாசிப்பவர்களின் கழுத்துக்கும் நாரிக்கும் ஏற்ற ஐந்தாறு எளிய ஆசனங்கள், அவ்வளவுதான். ஆசிரியையின் நிதானம் மூச்சுப் பயிற்சியில் தெரிந்தது. உள்ளிழுக்க 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு), அடக்க 64, வெளிவிட 32 என்னும் திருமூலர் கணக்கை விளக்கிய அவர், புதியவர்களை மூச்சை அடக்கவே விடாமல், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவதோடு நிறுத்தினார். வெளிமூச்சில் இதயத்துடிப்புச் சற்றுத் தணிவதை எங்கள் நாடியை நாங்களே பிடித்துப் பார்க்கச் செய்தார்.

கொடுத்த காசுக்குப் பெறுமதியாக அமைந்தது நான்காம் வாரத்து வாசிப்புப் பயிற்சி. ஒரு காணித் தகராற்றின் விபரங்கள் ஒரு பக்கத்தில் தரப்பட்டன. மனம் தீர்ப்பை நோக்கித் தாவும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்து வாசிக்க வேண்டும். நான் 11 புள்ளிகள் வைத்தேன். அவை எல்லாமே காணி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் விழுந்திருந்தன. ஆனால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் வரும் உடைமைத் தகராற்றில் நீதவான் முதலில் பார்ப்பது, தகராறு பற்றிய தகவல் நீதிமன்றில் தாக்கல் செய்யப்பட்ட நாளில் காணி யாருடைய கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் எவரும் பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான். விரிவுரையில் பல தடவை கேட்டும் பிடிபடாத இந்த வேறுபாடு அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது பிடிபட்டது.

கண்களைத் திறந்து வைத்திருக்கவும் இடையில் எழுந்து வெளியே போகவும் முதல் நாளே அனுமதி தந்ததை நான் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2009இல் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்த பிள்ளைகளே இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கொடுத்த சத்தியக்கடதாசிகளை வாசித்துவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை இருட்டறையில் கண்மூடி உடலைக் கவனிக்கச் சொன்னால் வருவது அமைதியாகத்தான் இருக்கும் என்பதில்லை.

குறை ஒன்று பெரியது. எட்டு வாரம் என்ற அமைப்பு, 1979இல் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் நாட்பட்ட வலியால் வருந்தியவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்தது; அதில் வீட்டில் அன்றாடம் முக்கால் மணிநேரப் பயிற்சியும் அடங்கும். இங்கே வார எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுப் பயிற்சியை விட்டுவிட்டார்கள். ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தாலே போதும். நானாக இரவில் பத்து நிமிடம் செய்த வாரங்களில் நித்திரை வந்தது. செய்யாத வாரங்களில் வரவில்லை.

நேரமும் சிக்கல்தான். ஓமந்தையிலிருந்து ஞாயிறு அதிகாலையில் பேருந்தை நம்பிப் புறப்பட்ட இரண்டு நாட்களிலும், மூச்சுப் பயிற்சி முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தேன். ஏழு மணிக்கு மாற்றினால் அடுத்த தொகுதியிலும் சேர்வேன்.